தலைக்கு மேலே தொங்கும் பெட்டி

அன்புள்ள ஐயா,

எனக்கு 27 வயது. லிஃப்ட் பராமரிப்பு வேலை. இதுவரை 11 கதைகள் எழுதியிருக்கிறேன். படித்த நண்பர்கள் எல்லாரும் "அசோகமித்திரன் மாதிரி இருக்கு" என்கிறார்கள். முதலில் பெருமையாக இருந்தது. இப்போது கேட்டாலே கூசுகிறது. பாதிப்பு விலகட்டும் என்று ஆறு மாதமாக எதையும் வாசிக்கவில்லை. அப்படியும் விலகவில்லை. உங்கள் நடையை எப்படிக் கண்டடைந்தீர்கள்? ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் எழுதுவீர்கள்? நான் தாமதமாகத் தொடங்கிவிட்டேனா?

மூன்று கதைகளை இணைத்திருக்கிறேன். போன மாதமே அனுப்பியிருக்க வேண்டும், மன்னிக்கவும். ஒரு பழைய கட்டடத்தில் லிஃப்ட் குழிக்குள் நின்று மூன்று நாள் வேலை. தலைக்கு மேலே பெட்டி தொங்கும்போது யாரும் வாய் திறப்பதில்லை, வெளியே வந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுவோம். அந்த அலுப்பில் கடிதம் எழுத ஓடவில்லை.

ச.

அன்புள்ள ச.,

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். காலை ஐந்திலிருந்து ஏழு வரை எழுதுவேன். வேலைக்குப் போனவனுக்கு வேறு நேரம் வாய்க்கவில்லை, ஓய்வுபெற்ற பிறகும் பழக்கம் விடவில்லை. வயதைப் பற்றிக் கேட்டீர்கள். கி. ராஜநாராயணனின் கதை 1958இல் 'சரஸ்வதி' இதழில் வந்தபோது அவர் முப்பதைத் தாண்டியிருந்தார். அவருக்கே தாமதமாகவில்லை.

வாசிப்பை நிறுத்தியது தப்பு. புதிதாக எதுவும் உள்ளே போகாவிட்டால் ஏற்கெனவே போனதுதான் திரும்பத் திரும்ப வெளியே வரும். ஆறு மாதமாக நீங்கள் அசோகமித்திரனோடு அறையைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

என்னைப் பிடித்திருந்த பேய் தி. ஜானகிராமன். என் முதல் ஏழு கதைகளில் தாத்தாவும் தபால்காரரும் ஒரே மாதிரி, அவருடைய பாத்திரங்களைப் போலவே பேசினார்கள். சங்கீதத்தில் அரிச்சுவடிகூடத் தெரியாத நான் இரண்டு கதைகளில் தம்புராவை மீட்டவைத்தேன். சிறுபத்திரிகை ஆசிரியர் ஒருவர் கதையைத் திருப்பி அனுப்பி, ஓரத்தில் 'சுருதி சுத்தம். பாடுவது யார்?' என்று எழுதியிருந்தார். ஒரு வாரம் சோறு இறங்கவில்லை.

அப்போது நான் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவர் கையெழுத்துப் பிரதியை உரக்க வாசிப்பார், இன்னொருவர் அச்சான தாளில் சரிபார்ப்பார். வாசிக்கும் வேலை எனக்கு. நாள் முழுக்க யார் யாரோ எழுதிய வாக்கியங்களை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தால், எது ஒரே மூச்சுக்குள் அடங்குகிறது, எது பாதி வழியில் இளைக்கிறது என்று தொண்டைக்கே தெரிந்துவிடும். நடையைப் பற்றி நான் கற்றதில் பாதி அந்த நாற்காலியில் கற்றது.

மீதியை ஓர் அச்சுக் கோப்பவரிடம் கற்றேன். ஈய எழுத்துகளைப் பார்க்காமலே எடுத்து அடுக்குவார். பக்கம் வழிந்தால் என்னைக் கூப்பிடுவார்: "தம்பி, இந்தப் பத்தியில ரெண்டு வரி எடுக்கச் சொல்லுங்க, பக்கம் நிக்கும்." எந்த இரண்டு வரி என்று அவரே விரலும் வைப்பார். எழுதியவர் ரொம்ப ரசித்து எழுதிய வரி மேல்தான் பெரும்பாலும் அந்த விரல் விழும்.

அவரைப் பற்றி ஒரு கதை எழுத உட்கார்ந்தேன். ஜானகிராமனின் வாக்கியம் ஒன்றுகூட உதவிக்கு வரவில்லை. இவரோ எழுத்துகளை இடவலம் மாற்றிப் படித்தே பழகியவர், வாயைத் திறந்தால் நாலு சொல். அவரை எழுத நானும் நாலு சொல்லில் நிற்க வேண்டியதாயிற்று. படித்தவர்கள் யாரும் ஜானகிராமனின் பெயரை எடுக்கவில்லை. கதை சுமார்தான், அது வேறு விஷயம்.

நடை வாய்த்துவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்றும் நினைக்காதீர்கள். ருஷ்ய எழுத்தாளர் செகாவ் 1886இல் தன் அண்ணன் அலெக்சாந்தருக்கு எழுதிய கடிதத்தில், அணைக்கட்டில் உடைந்த பாட்டில் துண்டு ஒன்று நட்சத்திரம்போல மின்னியது என்று எழுதினால் போதும், நிலா இரவு வந்துவிடும் என்கிறார். எழுத்துப் பட்டறைகளில் இதோடு நிறுத்திக்கொள்வார்கள். பத்தாண்டு கழித்து மேடையேறிய அவருடைய 'கடற்பறவை' நாடகத்தில் ஓர் இளம் எழுத்தாளன் புலம்புகிறான்: பேர்பெற்ற அந்த ஆளுக்கென்ன, பாட்டில் கழுத்தை மின்னவிட்டால் நிலா இரவு தயார்! செகாவ் தன்னைத்தானே கிண்டல் செய்துகொள்கிறார் என்றுதான் நான் அதைப் படிக்கிறேன். உங்கள் நடையும் ஒருநாள் உங்களுக்கே அலுக்கும். அன்றைக்கும் இதே கடிதத்தை எழுதுவீர்கள், யாருக்கு என்றுதான் தெரியவில்லை.

கைப்பழக்கத்துக்கு ஏதாவது வேண்டுமென்றால் மொழிபெயர்த்துப் பாருங்கள். புதுமைப்பித்தன், க.நா.சு., சுந்தர ராமசாமி எல்லாரும் செய்த வேலை. அடுத்தவர் சொன்னதை உங்கள் சொல்லில் சொல்லியாக வேண்டும், தப்பிக்க வழியில்லை.

மூன்று கதைகளையும் படித்தேன். இரண்டில் ஒரு குமாஸ்தா பஸ்ஸுக்குக் காத்திருக்கிறார், நீங்கள் அவரோடு நின்றதாகத் தெரியவில்லை. மூன்றாவது இன்னும் மோசம். நீங்கள் அனுப்பியதில் யாரையும் நினைவுபடுத்தாத ஒரே இடம், தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்கும் அந்த இடம்தான். குழிக்குள் எத்தனை பேர் இருந்தீர்கள்? வெளியே வந்ததும் எல்லாரும் சேர்ந்து பேசினீர்களே, முதலில் வாயைத் திறந்தது யார், என்ன சொன்னார்?