வெனிலா புகையிலை நாக்கைச் சுடுகிறதா?

வணக்கம். டப்பாவைத் திறந்தால் வெனிலா கமகமக்கிறது, பற்றவைத்தால் நாக்கு எரிகிறது, புகைக்கும் பைப்பின் அடியில் தண்ணீர் கட்டுகிறது என்று எழுதியிருந்தீர்கள். பைப்பின் மேல் தப்பில்லை. சேர்த்த வாசனையில் பெரும்பகுதி பக்கத்தில் இருப்பவர் மூக்குக்குத்தான் போகும். பல கலவைகளில் ஈரம் போகாமலிருக்க புரொப்பிலீன் கிளைக்கால் என்ற திரவத்தைச் சேர்க்கிறார்கள். ஈரமான இலை சரியாகப் பற்றாது, வேகமாக இழுப்பீர்கள், புகை சுடும். ஒரு தடவைக்கான அளவைத் தாளில் பரப்பிக் காயவிடுங்கள். கிள்ளி அழுத்தினால் உருண்டையாக நிற்காமல் தானே பிரிய வேண்டும். அப்புறம் நிதானமாக இழுத்துப் பாருங்கள்.

இலையின் சொந்த ருசிதான் வேண்டுமென்றால் வாசனை சேர்க்காத வர்ஜீனியா வகைப் புகையிலையில் தொடங்குங்கள். அதில் இயல்பாகவே சர்க்கரை அதிகம். காய்ந்த வைக்கோல் மணத்தோடு மெல்லிய இனிப்பு வரும். ஆனால் அவசரப்பட்டால் அதுவும் நாக்கைப் பதம் பார்க்கும். பர்லி என்ற இன்னொரு வகையில் சர்க்கரை மிகக் குறைவு, சேர்ப்பதையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். வாசனைக் கலவைகளில் அதை நிறையப் பார்ப்பது அதனால்தான். லட்டாக்கியா என்ற வகையின் புகைமணம் தெளித்ததல்ல, விறகுப் புகையில் இலையைப் பதப்படுத்துவதால் வருவது. இயற்கை இலை என்பதால் உடம்புக்குக் கெடுதல் குறைவு என்று மட்டும் நினைக்க வேண்டாம். வாசனை சேர்க்காத இலைக்கென்று வேறு பைப் எடுங்கள், பழையதில் வெனிலா ஊறியிருக்கும்.