கொப்பரைக் களத்தில் வாசிப்பு – கடிதம்

அன்புள்ள ஐயா,

காங்கயம் பக்கம் தேங்காய்க் களம் நடத்துகிறேன். உடைத்த தேங்காய் காய்கிற வரைக்கும் கொட்டகையில் உட்கார்ந்து மழை வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பதுதான் பகலில் பாதி வேலை. காலேஜ் காலத்தில் நூலகமே கதி என்று கிடந்தவன். அப்புறம் கல்யாணம், தொழில், செல்போன். போன மாதம் போன் ரிப்பேருக்குப் போயிருந்தபோது பரணில் கிடந்த பழைய நாவல் ஒன்றை எடுத்து வந்தேன். மத்தியானச் சோறு ஆறிப்போனதுகூடத் தெரியவில்லை. போன் வந்ததும் பழையபடி ஆகிவிட்டது. இரண்டு பக்கம் படிப்பதற்குள் கை போனைத் தேடுகிறது. போனிலேயே நாவல் படித்தால் என்ன, எழுத்து ஒன்றுதானே? ஈரோடு புத்தகத் திருவிழாவில் ஒரு மூட்டை வாங்கி, வருடத்துக்கு 50 என்று கணக்கு வைத்துப் படிக்கலாமா? எதிலிருந்து தொடங்குவது?

செ.

அன்புள்ள செ.,

சோறு ஆறிப்போனது என்று எழுதியிருந்தீர்களே, அந்த வரியைப் படித்து அவ்வளவு சந்தோஷப்பட்டேன். ஆசை உங்களை விட்டுப் போகவில்லை. நாளெல்லாம் போனில் தாவித் தாவிப் பார்த்த கண், அச்சுப் பக்கத்துக்கு வந்ததும் புதிதாக ஏரில் பூட்டிய காளை மாதிரி முரண்டு பிடிக்கிறது. முதல் பத்துப் பதினைந்து பக்கம் அப்படித்தான் இருக்கும். அதைத் தாண்டுகிற வரைக்கும் போன் எட்டாத இடத்தில் இருக்கட்டும். லாரிக்காரரோ வியாபாரியோ கூப்பிடுவார்கள் என்றால், களத்தில் வேலை செய்கிறவர் யாரிடமாவது கொடுத்து வையுங்கள்.

எழுத்து ஒன்றுதான், சரி. ஆனால் புத்தகத்தில் படித்த ஒரு சண்டைக் காட்சி இடப்பக்கத்தில், அடியில், ஒரு எண்ணெய்க் கறைக்குப் பக்கத்தில் வந்தது என்று பல வருடம் கழித்தும் நமக்கு ஞாபகம் இருக்கிறது. படிக்கப் படிக்க இடக்கையில் தாள் சேரும், வலக்கையில் குறையும். கதை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று விரலுக்கே தெரியும். இன்னும் 20 பக்கம்தானே மிச்சம், இந்த மனுஷன் எப்படித் தப்பிப்பான் என்று மனம் பதைப்பது அதனால்தான். போனில் எல்லாக் கதையும் ஒரே கனம். அதோடு களத்து வெளிச்சத்தில் திரையைக் கையால் மறைத்துத்தான் பார்க்க வேண்டும். தாளுக்கு அந்தத் தொல்லை கிடையாது. பஸ்ஸில் நின்றபடி போனில் படிப்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். உங்களுக்குக் கொட்டகை நிழல் இருக்கிறது, யாரும் கேட்காத பகல்பொழுது இருக்கிறது. அதைப் புத்தகத்துக்குக் கொடுங்கள்.

50 என்கிற கணக்கு வேண்டவே வேண்டாம். எண்ணிக்கை வந்துவிட்டால் மெலிந்த புத்தகமாகத் தேடத் தொடங்கிவிடுவோம். பிடித்த பக்கத்தை இரண்டாம் தடவை படிக்க மனம் வராது.

மக்கள் சிந்தனைப் பேரவை 2005 முதல் நடத்திவரும் ஈரோடு திருவிழாவுக்குக் குடும்பத்தோடு போங்கள். மூட்டை வேண்டாம், இரண்டு புத்தகம் போதும். ஆகஸ்ட் வரைக்கும் காத்திருக்கவும் வேண்டாம், கிளை நூலகத்துக்குப் போங்கள். சொத்து வரியோடு ரூபாய்க்கு 10 காசு நூலக வரியும் கட்டிக்கொண்டுதானே இருக்கிறீர்கள்? அந்த வரிக்கு வழிசெய்தது 1948-ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டம். அதைக் கொண்டுவந்த கல்வி அமைச்சர் தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார் நம் திருப்பூர்க்காரர். ஊருக்கு ஊர் புத்தகம் போய்ச் சேர வேண்டும் என்று சட்டமே போட்ட மனிதர் நம் பக்கத்தில் பிறந்தவர் என்பதில் எனக்குப் பெரிய பெருமை உண்டு. நூலகப் புத்தகத்தில் இன்னொரு நன்மை, திருப்பித் தர ஒரு தேதி இருக்கிறது. பரணுக்குப் போகாது.

தொடங்குவதற்கு ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' எடுங்கள். 1942-இல் வந்த சின்ன நாவல். அவர் தாராபுரம் பக்கம் கீரனூர்க்காரர். கணவனை இழந்த ஒருத்தி கொழுந்தனிடம் தன் பங்கு நிலத்தைப் பிரித்துக் கேட்கிறாள். காடு கரையும் வாய்ச்சண்டையும் நம் ஊர்ப் பேச்சிலேயே நடக்கின்றன. காதுக்குப் பழகிய பேச்சு என்பதால் நான் சொன்ன முரண்டும் சீக்கிரம் அடங்கும். பிடிக்கவில்லை என்றால் பாதியில் மூடிவிட்டு வேறொன்று எடுங்கள், தப்பே இல்லை.

முடித்தால், நாகம்மாள் பங்கு கேட்டது நியாயமா என்று எழுதுங்கள். எங்கள் வீட்டில் அதில் இன்னும் இரண்டு கட்சி.