நாய்க்கு பீனட் பட்டர் கொடுக்கலாமா?

கேள்வி: குழந்தைகள் ரொட்டியில் தடவும் பீனட் பட்டருக்கும் முந்திரிக்கும் எங்கள் லாப்ரடார் அடம்பிடிக்கிறது. கொடுக்கலாமா?
– ஒரு வாசகி, கோவை

பதில்: உப்பும் மசாலாவும் சேராத வறுத்த வேர்க்கடலையோ முந்திரியோ ஒன்றிரண்டு கொடுக்கலாம், வாடிக்கையாக்கினால், அவற்றின் கொழுப்பு கணைய அழற்சியில் கொண்டுபோய் விடக்கூடும். பீனட் பட்டர் வாங்கும்போது, புட்டியின் பின்புறம் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் சேர்மானப் பட்டியலில் சைலிட்டால், பிர்ச் சர்க்கரை அல்லது இ967 என்று இருக்கிறதா என அவசியம் பாருங்கள். மூன்றும் ஒரே இனிப்பூட்டியின் பெயர்கள்தான். நமக்குத் தீங்கு செய்யாத அந்த இனிப்பூட்டி, நாயின் உடலில் இன்சுலினைத் திடீரெனச் சுரக்கவைத்து, பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் ரத்தச் சர்க்கரையை அபாயகரமாகக் குறைப்பதுடன் கல்லீரலையும் பாதிக்கக்கூடியது. ‘சர்க்கரை சேர்க்காதது’ என்ற விளம்பரத்தைக் கண்டால்தான் கூடுதல் சந்தேகம் வேண்டும். மக்கடேமியா என்ற கொட்டையை அறவே தவிர்த்துவிடுங்கள்; அதைத் தின்ற நாய் 12 மணி நேரத்துக்குள் பின்னங்கால்கள் துவண்டு தடுமாறக்கூடும். பாதாம் விஷமன்று, ஆயினும் மெல்லாமல் விழுங்கும் நாய்க்குத் தொண்டையில் சிக்கலாம்.