பாம்பு நிஜமா, ரப்பரா?

கேள்வி: பொங்கலுக்கு எங்கள் தெருப் பையன்கள் ஷெர்லக் ஹோம்ஸின் பாம்புக் கதையை ('தி ஸ்பெக்கில்டு பேண்ட்') நாடகமாகப் போடுகிறோம். நிஜப் பாம்பையே இறக்கலாமா, ரப்பர் போதுமா? (வாசகர், நீடாமங்கலம்)

பதில்: ரப்பர்தான். நிஜப் பாம்பைக் கொண்டுவந்தால் வனத்துறை மேடைக்கே வந்து உங்களை அள்ளிக்கொண்டு போகும். தவிர, ஹோம்ஸ் கதைகளை எழுதிய கானன் டாயிலே இதில் கையைச் சுட்டுக்கொண்டவர். 1892ல் வெளிவந்த அந்தக் கதையை அவரே நாடகமாக்கி, 1910ல் லண்டன் அடெல்ஃபி தியேட்டரில் போட்டார். அசல் மலைப்பாம்பு! பெருமையாக வைத்திருந்தார். ஒரு விமர்சகரோ, அது போலிப் பாம்பு என்று அப்பட்டமாகத் தெரிகிறது என எழுதிவிட்டார். வேறு பாம்புகளும் வந்தன. ஒன்று, சுவர் ஓட்டையிலிருந்து கயிறு மாதிரி சும்மா தொங்கும். இல்லாவிட்டால், சுறுசுறுப்பாக்குவதற்காக வாலைக் கிள்ளிய மேடைத் தச்சரைப் பழிவாங்க ஓட்டைக்குள்ளேயே திரும்பிவிடும். கடைசியில் பொம்மைப் பாம்புதான் எல்லோருக்கும் திருப்தி தந்ததாம்.

நான் பல வருஷம் சைடு விங்கில் நின்று நடிகர்களுக்கு வசனம் எடுத்துக்கொடுத்தவன் என்ற முறையில் ஒரு யோசனை: பாம்பை அரை நொடிக்கு மேல் காட்டாதீர்கள். நகர்த்த முடியாத கட்டில், மணியோடு சேராத மணிக்கயிறு, மேலே பாம்பு இறங்கி வரும் சின்ன வென்டிலேட்டர். இந்த மூன்றையும் ஜனங்கள் முதலிலேயே நன்றாகப் பார்த்துவிட வேண்டும். அப்புறம் விளக்கை அணைத்து ஒரு விசில் அடித்தால் போதும். கதையில் பாம்பு பால் குடிக்கும், விசிலுக்குத் திரும்பி வரும். நிஜப் பாம்பு அப்படியெல்லாம் செய்யாதே என்று வரப்பில் நடந்து பழகிய நம்மவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். பால் தட்டை மட்டும் எடுத்துவிடாதீர்கள், அது துப்பு.

கேள்வி: அகதா கிறிஸ்டியின் தீவுக் கதையில் ('அண்ட் தென் தேர் வேர் நன்') பத்துப் பேரும் சாகிறார்கள். பழைய ஆங்கிலப் படத்தில் இரண்டு பேர் பிழைக்கிறார்களே, சினிமாக்காரர்களின் கைவரிசையா? (வாசகர், மயிலாடுதுறை)

பதில்: பாவம், அவர்கள் மேல் பழி போடாதீர்கள். மாற்றியவர் கிறிஸ்டியேதான். 1939 நாவலில், உண்மை பாட்டிலில் அடைத்துக் கடலில் போட்ட கடிதமாக வெளியே வரும். மேடையில் எல்லோரும் செத்துப்போனால் யார் வாய் திறப்பது? கதையில் வரும் குழந்தைப் பாட்டுக்குக் கல்யாணத்தில் முடிகிற இன்னொரு கடைசி வரியும் உண்டு. நாவலை அவரே நாடகமாக்கியபோது, 1943ல், அதைப் பிடித்துக்கொண்டார். 1945ல் ரெனே கிளேர் எடுத்த படம் அதன் வழியில் போனது. கெட்டிக்காரத்தனம்தான், ஆனாலும் என் ஓட்டு நாவலுக்கே.

கேள்வி: நம் பக்கத்துத் துப்பறியும் கதை எதுவும் படமாகவில்லையா? (வாசகி, மன்னார்குடி)

பதில்: பக்கத்தில் வடுவூரை வைத்துக்கொண்டு இப்படிக் கேட்கலாமா அம்மா? வடுவூர் துரைசாமி ஐயங்காரின் 'மேனகா' 1935ல் படமானது. அவர் கதைகளில் துப்பறியும் திகம்பர சாமியாரை 1950ல் மாடர்ன் தியேட்டர்ஸ் படமாக்கியது. எம்.என். நம்பியார் வேஷத்துக்கு மேல் வேஷம் போட்டுத் துப்பறிவார். புத்தகத்தில் வேஷம் கலையும்போது நமக்குத் தூக்கிவாரிப்போடும். திரையில் நம்பியாரின் கண்ணைப் பார்த்ததுமே ஆளைத் தெரிந்துவிடும். அதனால் 'யார் இவர்?' போய், 'அடுத்து என்ன வேஷம்?' என்று காத்திருப்போம். அதுவும் தனி ருசி. வில்லன் ஒரு கும்பகோணம் வக்கீல். எங்கள் ஊர் வக்கீல்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: லண்டனில் 1952ல் தொடங்கிய கிறிஸ்டியின் 'எலிப்பொறி' நாடகத்தில் கொலைகாரர் யார்? (வாசகர், திருவாரூர்)

பதில்: பார்த்தவர்கள் வெளியே சொல்லக்கூடாது என்று நாடகம் முடிந்ததும் மேடையிலேயே கேட்டுக்கொள்கிறார்கள். என்னிடமும் பெயராது. அடுத்த கேள்விக்கு வேறு கார்டு போடுங்கள்.