பிக்கை விற்கலாமா? பெர்டல் சொல்லும் கணக்கு

கேள்வி: "நாங்கள் இருப்பது ஸ்கார்பரோவில். நானும் பதினேழு வயது மகனும் டொராண்டோ ராப்டர்ஸ் கூடைப்பந்து அணியின் ரசிகர்கள். பிப்ரவரியில் ஆட்டக்காரர்களைக் கைமாற்றும் டிரேட் கெடு வந்தாலும் சரி, ஜூனில் புதுமுகங்களை எடுக்கும் டிராஃப்ட் வந்தாலும் சரி, வீட்டில் சண்டைதான். 'பிக்கை எல்லாம் கொடுத்துவிட்டு ஆடத் தெரிந்த ஆளைக் கூட்டிவர வேண்டியதுதானே' என்பான் அவன். வளர வேண்டிய பையன்களை விற்றுவிட்டு அப்புறம் என்ன செய்வது என்பது என் கட்சி. டிரேட் செய்தி வந்த அன்றே அது நல்லதா கெட்டதா என்று கணிக்க ஏதாவது வழி உண்டா?"

பதில்:

ஓரளவுக்குக் கணிக்கலாம். (டிராஃப்டில் ஒரு புதுமுகத்தை எடுக்க அணிக்குள்ள உரிமைதான் பிக். எத்தனையாவதாக எடுக்கலாம் என்பது அதன் எண்.) ஆனால் உங்கள் மகன் வருகிற ஆளைப் பார்க்கிறார், நீங்கள் போகிற பையனைப் பார்க்கிறீர்கள். டிரேட் நடக்கிற அன்று அந்தப் பையன் யார் என்று யாருக்கும் தெரியாது. பல நேரம் பிக்கின் எண்ணே தெரியாது. ஆகவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: அந்தப் பிக் எந்த ஆண்டுக்குரியது, அந்த ஆண்டில் நம் அணி எந்த லட்சணத்தில் இருக்கும்?

ராப்டர்ஸ் ஆடுகிற என்.பி.ஏ. லீகில் ஏழு ஆண்டு தள்ளி வரப்போகிற முதல் சுற்று பிக்கைக்கூட இன்றைக்கே கைமாற்றலாம். (அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளை ஒட்டுமொத்தமாகக் காலி செய்ய மட்டும் விதி விடாது. எண்பதுகளின் தொடக்கத்தில் கிளீவ்லாந்து அணியை வைத்திருந்த டெட் ஸ்டெபியன் பிக்குகளை வாரி இறைத்ததால் வந்த கட்டுப்பாடு அது. விதிக்கு இன்றும் அவர் பெயர்தான். இப்படியும் ஒரு புகழ்.) பூவிலேயே மாந்தோப்பை விலை பேசுவது போன்ற வியாபாரம் இது. ஒரே வித்தியாசம், இங்கே தோப்புக்காரர் நொடித்துப் போனால்தான் காய்ப்பு அதிகம். அணி தோற்கத் தோற்க அதன் பிக் மேலே ஏறும். தன் பிக்கை விற்கிற அணி, "அந்த வருஷம் நாங்கள் மோசமாக இருக்க மாட்டோம்" என்று தன்மேலேயே பந்தயம் கட்டுகிறது.

உதாரணத்துக்கு வேறு ஊருக்குப் போக வேண்டாம். உங்கள் அணியின் சென்டர் யாக்கப் பெர்டல் ஒருவர் போதும். ஆஸ்திரியாக்காரர், ஏழடி உயரம். மூன்று டிரேடுகளில் அவர் இருக்கிறார். முதலாவதில் அவர் பெயரே கிடையாது.

2013 ஜூலை. மசாய் உஜிரி டொராண்டோ நிர்வாகத்துக்கு வந்த புதிது. 2006 டிராஃப்டில் முதல் எண்ணில் எடுத்த ஆண்ட்ரியா பார்னானியை நியூயார்க் நிக்ஸ் தலையில் கட்டினார். (முதல் எண்ணுக்கே இந்தக் கதி என்பதை, "வளர வேண்டிய பையன்கள்" என்று நீங்கள் உருகும்போது கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.) பதிலுக்கு வந்தவற்றில் 2016ஆம் ஆண்டின் முதல் சுற்று பிக் ஒன்று. நிக்ஸ் அப்போதுதான் 54 ஆட்டங்களை வென்று முடித்திருந்தது. மூன்று வருஷம் கழித்து இருபதுகளில் எங்கேயோ விழப்போகிற பிக்தானே, போனால் போகட்டும் என்று நினைத்திருப்பார்கள். அடுத்த மூன்று சீசன்களில் அவர்கள் வென்றவை 37, 17, 32.

அதோடு விடவில்லை. 2011இல் கார்மெலோ ஆந்தனியை டென்வரிடமிருந்து வாங்கியபோது, 2016இல் இரண்டு அணிகளின் பிக்கில் எது நல்லதோ அதை டென்வர் எடுத்துக்கொள்ளலாம் என்றும் நிக்ஸ் எழுதிக் கொடுத்திருந்தது. நிக்ஸின் சொந்த பிக் 7இல் விழுந்தது, டென்வர் எடுத்துக்கொண்டது. அதில் வந்தவர் கனடாவின் கிச்சனர் ஊர்ப் பையன் ஜமால் மர்ரே. டென்வருடையது 9, அது டொராண்டோவுக்கு வந்தது. அதில் எடுத்தவர்தான் பெர்டல். 54 வெற்றியின் மிதப்பில் போட்ட கையெழுத்து, 32 வெற்றிக் காலத்தில் வட்டியோடு வசூலானது.

இரண்டாவது, உங்கள் மகன் மேற்கோள் காட்டுகிற டிரேடாகத்தான் இருக்கும். 2018 ஜூலை: டிமார் டெரோஸன், பெர்டல் இருவரையும் 2019 முதல் சுற்று பிக் ஒன்றையும் சான் அன்டோனியோவுக்குக் கொடுத்து, காவை லெனர்டையும் டேனி கிரீனையும் வாங்கியது டொராண்டோ. பிக்கில் ஒரு புரொடக்‌ஷன் இருந்தது, அதாவது முதல் 20 இடங்களுக்குள் விழுந்தால் அந்த ஆண்டு கைமாறாது. ராப்டர்ஸ் முந்தைய சீசனில் 59 ஆட்டங்கள் வென்று கிழக்குப் பிரிவில் முதலிடம். கூடவே லெனர்டும் வருகிறார் என்றால் அந்தப் பிக் கடைசி வரிசைக்குத்தான் போகும் என்று யாரும் சொல்லிவிடலாம். 29இல் விழுந்தது. அதற்குள் கோப்பை வந்துவிட்டது. ஒரே வருஷத்தில் லெனர்ட் கிளம்பிப் போனாலும் டொராண்டோவில் யாரும் அந்த டிரேடைக் குறை சொல்லி நான் கேட்டதில்லை. நல்ல அணியின் பிக் மலிவான சரக்கு, அதை விற்பதில் தயக்கம் வேண்டாம்.

மூன்றாவது டிரேடில்தான் நான் உங்கள் பக்கம். 2023 பிப்ரவரி 9, டிரேட் கெடு நாள். ராப்டர்ஸ் பாதிக்கு மேல் தோற்றிருந்தது. பிரித்து விற்கப் போகிறார்கள் என்று எல்லோரும் எதிர்பார்த்த நேரத்தில், வாங்கினார்கள். அதே பெர்டலைத் திரும்பக் கொண்டுவர, 2024 முதல் சுற்று பிக்கும் இரண்டு இரண்டாம் சுற்று பிக்குகளும் சான் அன்டோனியோவுக்குப் போயின. முதல் ஆறு இடங்களுக்குள் விழுந்தால் டொராண்டோவுக்கு, அதற்குக் கீழே போனால் சான் அன்டோனியோவுக்கு என்று நிபந்தனை. பெர்டல் வந்தபின் ஆட்டம் கொஞ்சம் தேறியது, இல்லையென்று சொல்லமாட்டேன். சீசன் 41 வெற்றி, 41 தோல்வியில் முடிந்தது. கோப்பைச் சுற்றான ப்ளேஆஃபுக்குள் நுழைவதற்கான ப்ளே-இன் ஆட்டத்தில் சிகாகோவிடம் தோற்றார்கள். அந்த இரவு உங்களுக்கு மறந்திருக்காது. அப்போது சிகாகோவுக்கு ஆடிக்கொண்டிருந்த டெரோஸனின் மகள் அரங்கில் உட்கார்ந்து, ராப்டர்ஸ் ஃப்ரீ த்ரோ எறியும்போதெல்லாம் கீச்சென்று கத்த, 36இல் 18ஐத் தவறவிட்டார்கள்.

அதன் பிறகு நடந்ததைத் தேதி வாரியாகப் பாருங்கள். 2023 கோடையில் ஃப்ரெட் வான்வ்ளீட் ஒப்பந்தம் முடிந்து ஹூஸ்டன் போய்விட்டார், கைம்மாறாக ஒன்றும் வரவில்லை. டிசம்பர் கடைசியில் ஓ.ஜி. அனுனோபி நியூயார்க்குக்கு. ஜனவரியில் பாஸ்கல் சியாகம் இண்டியானாவுக்கு. "அடுத்த ஆண்டு நன்றாக இருப்போம்" என்று பிக்கை விற்று ஒரு வருஷம் முடிவதற்குள் வீட்டையே பிரித்துவிட்டார்கள். 25 வெற்றி, 57 தோல்வி. கடைசியிலிருந்து ஆறாவது இடம்.

2024 மே மாதம், பிக் வரிசையைத் தீர்மானிக்கிற குலுக்கலான லாட்டரியை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். 14 எண் பந்துகள், அதிலிருந்து நான்கு, மொத்தம் 1001 சேர்க்கைகள். ஒன்றை ஒதுக்கிவிட்டு மீதி ஆயிரத்தை, அந்த ஆண்டு ப்ளேஆஃபுக்குப் போகாத 14 அணிகளின் கணக்கில் பிரித்துப் போடுவார்கள். முதல் நான்கு இடங்களுக்குத்தான் குலுக்கல், மற்றவை தோல்விக் கணக்குப்படி. பிக் டொராண்டோவிடமே தங்க சுமார் 46 சதவீத வாய்ப்பு. தொலைக்காட்சியில் உறைகளை 14இலிருந்து கீழே பிரித்து வருவார்கள். பத்தாவது உறையில் அட்லாண்டா வர வேண்டும், வந்தது யூட்டா. அப்படியென்றால் அட்லாண்டாவும் அதற்கு முந்திய இடத்திலிருந்த ஹூஸ்டனும் முதல் நான்குக்குத் தாவிவிட்டன. ஒன்பதாவதில் வந்தது மெம்ஃபிஸ். இரண்டு பேர் தாவினால் ஆறாவது ஆள் எட்டாவது ஆள். எட்டாவது உறையைப் பிரிப்பதற்கு முன்பே கணக்கு முடிந்துவிட்டது. ஹூஸ்டன் கையில் இருந்த அந்தச் சீட்டும் புரூக்ளின் எப்போதோ ஜேம்ஸ் ஹார்டனுக்காக விற்றதுதான். ஒரு அணி விற்ற பிக் தாவியதால் இன்னொரு அணி விற்ற பிக் பறிபோனது.

ஒரு விஷயத்தில் நேர்மையாக இருக்க வேண்டும். அந்த எட்டாவது இடத்தில் சான் அன்டோனியோ எடுத்த ராப் டில்லிங்ஹமை அவர்களே வைத்துக்கொள்ளவில்லை. அன்றைக்கே மினசோட்டாவுக்குக் கொடுத்து 2031 முதல் சுற்று பிக்கை வாங்கிக்கொண்டார்கள். 2024 டிராஃப்டும் வளமானதல்ல. "பார்த்தீர்களா, ஒன்றும் பெரிய நஷ்டமில்லை" என்று மகன் சொன்னால் மறுப்பது கடினம். ஆனால் நீங்கள் கேட்டது டிரேட் நடந்த அன்றே கணிப்பதைப் பற்றி. அன்றைய தேதியில் தெரிந்தவை: அணி பாதிக்குப் பாதிகூட வெல்லவில்லை, வான்வ்ளீட் சில மாதங்களில் எங்கு வேண்டுமானாலும் போகலாம், பெர்டலின் ஒப்பந்தமும் அந்தக் கோடையோடு முடிகிறது.

இந்தக் கடைசி விஷயத்தைத்தான் ரசிகர்கள் கவனிப்பதில்லை. ஒப்பந்தம் முடியப்போகிற ஆளுக்காகப் பிக்கைக் கொடுத்துவிட்டால், அப்புறம் அவர் கேட்கிற சம்பளத்தைப் பேரம் பேச வழியில்லை. போகவிட்டால் பிக்கும் போச்சு, ஆளும் போச்சு. பெர்டலுக்கு நான்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 8 கோடி டாலர் எழுதினார்கள். எட்டாவது எண்ணில் வருகிற புதுமுகத்துக்கு முதல் ஆண்டுச் சம்பளம் சுமார் 60 லட்சம் டாலர்தான். மாடு வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள். இங்கே வயதோடு ஒப்பந்தத்தில் மீதியிருக்கிற ஆண்டுகளையும் பாருங்கள்.

அப்படியானால் மோசமான அணி பிக்கை விற்கவே கூடாதா? கைல் லவுரியை எப்படி வாங்கினார்கள் தெரியுமா? 2012 கோடையில், 66 ஆட்டங்களாகச் சுருங்கிய சீசனில் 23 மட்டுமே வென்ற ராப்டர்ஸ், ஹூஸ்டனுக்கு ஒரு முதல் சுற்று பிக்கைக் கொடுத்து வாங்கியது. பிக் லாட்டரிக்குள் விழும் என்று தெரிந்தே கொடுத்தார்கள். ஹூஸ்டன் வழியாக அது ஓக்லஹோமா போய், 2013இல் 12ஆவது எண்ணில் ஸ்டீவன் ஆடம்ஸ் ஆனது. நல்ல சென்டர், குறை சொல்ல முடியாது. ஆனால் லவுரிக்கு அப்போது வயது 26. ஒப்பந்தத்தில் இரண்டு ஆண்டு மீதி இருந்தது, கைக்கு அடக்கமான சம்பளம். ஒன்பது சீசன் ஆடினார், கோப்பையோடு. என்னைக் கேட்டால் அந்த அணி செய்த ஆகச் சிறந்த டிரேட் லெனர்ட் அல்ல, லவுரிதான். அணி மேலே வரும் வரைக்கும் கூடவே இருக்கக்கூடிய வயதுள்ள ஆள் கிடைத்தால், மோசமான அணியும் விற்கலாம். 35 வயதுக்காரருக்காக அதைச் செய்தால் புரூக்ளின் கதிதான். 2013இல் கெவின் கார்னெட், பால் பியர்ஸ் இருவருக்காக பாஸ்டனுக்கு அவர்கள் விட்டுக்கொடுத்த பிக்குகளிலிருந்துதான் ஜேலன் பிரவுனும் ஜேசன் டேட்டமும் வந்தார்கள்.

மகனிடம் ஒன்று சொல்லுங்கள். கடைசி வரிசைப் பிக் மலிவு என்றேனே தவிர, குப்பை என்று சொல்லவில்லை. சியாகம் 27ஆவது எண், அனுனோபி 23. வான்வ்ளீட்டை டிராஃப்டில் யாருமே எடுக்கவில்லை. ஆள் வளர்க்கத் தெரிந்த அணிக்கு 25ஆவது பிக் மற்றவர்களுக்கு இருப்பதைவிடப் பெரியது. ராப்டர்ஸ் அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட அணி.

2025 பிப்ரவரியில் நியூ ஆர்லியன்ஸிடமிருந்து பிராண்டன் இங்கிரமை வாங்கியதற்கும் உங்கள் வீட்டில் சண்டை நடந்திருக்கும். அவருக்கும் அந்தக் கோடையோடு ஒப்பந்தம் முடிவதாக இருந்தது. கணுக்காலில் காயம் வேறு. அந்த சீசனில் டொராண்டோவுக்காக ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. இவ்வளவும் பெர்டல் தவறின் மறுபதிப்பு மாதிரிதான் தெரியும். ஆனால் கொடுத்த முதல் சுற்று பிக் சொந்தமானதல்ல. சியாகமுக்குப் பதிலாக வந்த இண்டியானாவின் 2026 பிக் அது. இண்டியானா மேலே போய்க்கொண்டிருந்த அணி, ஆக மலிவுச் சரக்கு. தன் முதல் சுற்று பிக் எதையும் டொராண்டோ அடகு வைக்கவில்லை. அதனால் அன்றைக்கு நான் அதைக் குறை சொல்லவில்லை.

அந்தப் பிக்கை நியூ ஆர்லியன்ஸிடமிருந்து இண்டியானாவே 2025 ஜூனில், இறுதிப்போட்டி நடந்துகொண்டிருந்தபோது திரும்ப வாங்கிக்கொண்டது. சில நாளில், ஜூன் 22 அன்று, ஏழாவது ஆட்டத்தின் முதல் கால்பகுதியில் இண்டியானாவின் டைரீஸ் ஹாலிபர்ட்டனின் குதிகால் தசைநாண் அறுந்தது. ஒரு மாதம் முன்பு இருபதுகளில் மதிப்பிட்ட சீட்டு அந்த ஒரு நொடியில் வேறொன்றாகிவிட்டது.

அடுத்த டிரேட் செய்தி வரும்போது ஒரு காரியம் செய்யுங்கள். வாதாடுவதற்கு முன், அந்தப் பிக் எந்த எண்ணில் விழும் என்று ஆளுக்கொரு சீட்டில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். வாங்கிய ஆளுக்கு அந்த வருஷம் எத்தனை வயதாகும், நம் ஊரில் இருப்பாரா என்பதையும் கீழே எழுதுங்கள். உறை பிரிக்கிற நாள் வரை சீட்டைக் கிழிக்காதீர்கள்.