பாரிஸ் 1572: பர்த்தலமேயு திருநாள் படுகொலை பற்றிய கேள்விகள்

கேள்வி: சார், 1572இல் பாரிஸில் என்ன நடந்தது? சுருக்கமாகச் சொல்லுங்களேன்.

பதில்: பிரான்ஸில் கத்தோலிக்கர்களுக்கும், ஹியூகனாட்டுகள் எனப்பட்ட புராட்டஸ்டன்டுகளுக்கும் 1562 முதல் சண்டை. 1570இல் ஒரு சமாதானம் ஏற்பட்டது. அதை உறுதிப்படுத்த, அரசர் ஒன்பதாம் சார்லஸின் தங்கை மார்கரெட்டை ஹியூகனாட் தலைவர்களில் ஒருவரான நவார் ஹென்றிக்குக் கட்டிக்கொடுத்தார்கள். ஆகஸ்ட் 18 கல்யாணம். 22ஆம் தேதி, ஹியூகனாட் தளபதி கொலின்யியை ஒருவன் சுட்டான். கையில் காயத்தோடு தப்பினார். ஹியூகனாட்டுகள் பழிவாங்கப் புறப்படுவார்களோ என்று பயந்த அரண்மனை, முந்திக்கொண்டு அவர்களுடைய தலைவர்களைத் தீர்த்துவிட முடிவு செய்தது. 24ஆம் தேதி, பர்த்தலமேயு திருநாளன்று, விடிவதற்குள் கொலின்யியைக் கொன்று ஜன்னல் வழியாகக் கீழே தள்ளினார்கள். அப்புறம் ஊரே கொல்லக் கிளம்பிவிட்டது. பாரிஸில் மட்டும் 2,000 முதல் 3,000 பேர் செத்திருக்கலாம் என்பது பொதுவான மதிப்பீடு. லியோன், ஓர்லியான், ரூவான் என்று மற்ற ஊர்களுக்கும் அது பரவியது.

கேள்வி: எல்லாவற்றுக்கும் ராஜமாதா கத்தரீன்தான் காரணம் என்கிறார்களே?

பதில்: அவருக்குப் பொறுப்பு உண்டு. ஆனால் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டியது அவரல்ல.

கேள்வி: பக்கத்து வீட்டுக்காரரைக் கொல்ல மனசு எப்படி வந்தது?

பதில்: இந்தப் படுகொலையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். வேற்று மதத்தாரை ஊருக்குள் சகித்துக்கொண்டால் கடவுளின் கோபம் ஊர் முழுவதன் மேலும் இறங்கும் என்று பாரிஸின் பிரசங்க மேடைகளில் வருஷக்கணக்காகச் சொல்லி வந்தார்கள். அந்தக் கல்யாணத்தையே பாவம் என்றார்கள். தானிய விலையும் ஏறியிருந்தது. பட்டினிக்குக் காரணம் தேடியவனுக்குப் பதில் தயாராக இருந்தது. அரசர் உத்தரவு என்ற பேச்சு தெருவுக்கு வந்ததும் தயக்கம் போய்விட்டது. கொன்றவர்கள் அடையாளத்துக்குத் தொப்பியில் வெள்ளைச் சிலுவை குத்திக்கொண்டார்கள். பூசைக்கு வராதவர் யார் என்பது தெருக்காரர்களுக்குத் தெரியாதா?

படுகொலை தொடங்கிய பிறகு மாசில்லாக் குழந்தைகள் கல்லறைத் தோட்டத்தில் காய்ந்த முட்புதர் ஒன்று பூத்தது என்று செய்தி பரவியது. ஜனங்கள் திரண்டு போய்ப் பார்த்தார்கள். கடவுளே சம்மதம் சொல்லிவிட்டார் என்று திரும்பிவந்து மறுபடி கத்தியை எடுத்தார்கள். பூவைப் பார்த்துவிட்டு வந்து கொன்றிருக்கிறார்கள். எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தில் நின்றுவிடுகிறேன்.

கேள்வி: ஹியூகனாட்டுகள் மட்டும் யோக்கியமா?

பதில்: இல்லை. 1567இல் நீம் நகரில் மிக்கேல் திருநாளை ஒட்டி, குருக்கள் உட்படப் பல கத்தோலிக்கர்களைக் கொன்று ஆயர் இல்லக் கிணற்றில் போட்டார்கள். கோவில் சுரூபங்களை, அதாவது சிலைகளை, உடைத்த ஊர்களுக்குக் கணக்கில்லை.

கேள்வி: போப்பாண்டவர் கொண்டாடினாராமே, உண்மையா?

பதில்: உண்மைதான். பதின்மூன்றாம் கிரகோரி நன்றி வழிபாடு நடத்தினார், பதக்கம் வார்த்தார். வசாரி வரைந்த சுவரோவியங்கள் வத்திக்கானில் இன்றும் இருக்கின்றன. அரசருக்கு எதிரான சதி முறியடிக்கப்பட்டது என்றுதான் ரோமுக்குச் சொல்லியிருந்தார்கள். 1997 ஆகஸ்ட் 23 அன்று பாரிஸில் போப் இரண்டாம் ஜான் பால், நற்செய்தி கண்டிக்கும் செயலைக் கிறிஸ்தவர்கள் செய்தார்கள் என்று வெளிப்படையாகச் சொன்னார்.

கேள்வி: அன்றைக்குப் பிழைத்தவர்கள் உண்டா? சண்டை எப்போது நின்றது?

பதில்: ழாக் தெ கோமோன் என்ற பையனுக்கு அப்போது 13 வயது. அப்பாவையும் அண்ணனையும் பக்கத்திலேயே குத்தினார்கள். "செத்தேன்" என்று கத்திக்கொண்டு அவனும் அவர்களோடு விழுந்து, ரத்தத்துக்குள் அசையாமல் கிடந்தான். சாயங்காலம், பந்தாட்டக் கூடத்தில் வேலை பார்த்த ஒருவர் பிணத்தின் காலுறையை உருவ வந்தார். சின்னப் பிள்ளை என்று அவர் பரிதாபப்பட்டதைக் கேட்டுத்தான் ழாக் மெல்லத் தலையைத் தூக்கினான். திருட வந்தவர் அவனை மறைத்துக் கூட்டிப்போய்க் காப்பாற்றினார்.

நவார் ஹென்றி மதம் மாறித்தான் உயிர் பிழைத்தார். பின்னாளில் நான்காம் ஹென்றி என்று அரசரானார். 1598இல் நாந்த் சாசனம் போட்டார், சண்டை ஓய்ந்தது. ஹியூகனாட்டுகள் குறிப்பிட்ட இடங்களில் வழிபடலாம், அரசு வேலைக்கு வரலாம், இரு தரப்பு நீதிபதிகளும் சேர்ந்து உட்காரும் நீதிமன்றங்கள் உண்டு. 1685இல் பதினான்காம் லூயி அதை ரத்து செய்ய, லட்சக்கணக்கானோர் நாட்டைவிட்டு ஓடினார்கள்.

ஹென்றியையும் விடவில்லை. 1610 மே 14 அன்று, வண்டியில் போய்க்கொண்டிருந்தவரை ரவய்யாக் என்ற கத்தோலிக்க வெறியன் குத்திக் கொன்றான். வண்டிக்குள் கூட உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர், அந்த ழாக்.