'சி' வாங்கினால் குறைச்சலா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி அலுவலகத்தில் கட்டுரைக் கணக்குப் பார்த்தே எனக்குத் தலை நரைத்தது. ஆராய்ச்சியின் தரத்தை அரசு எப்படி அளக்கிறது என்று நம் ஆட்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

சாட்ஸ்வர்த், ஒரு தாயார்: ஆராய்ச்சி செய்யும் மகளுக்கு என்.ஆர்.எஃப். (தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை) ரேட்டிங் 'சி' வந்திருக்கிறது. பள்ளியில் எப்போதும் 'ஏ' வாங்கியவள். நான் வாழ்த்துவதா, ஆறுதல் சொல்வதா?

பாயசம் வையுங்கள் அம்மா. இது பரீட்சை மார்க் இல்லை. 'ஏ' என்றால் அந்தத் துறையில் உலக அளவில் முன்னணியில் நிற்பவர். 'பி' உலக அளவில் பெயர் எடுத்தவர். 'சி' துறையில் காலூன்றியவர். ரேட்டிங் உள்ளவர்களில் பெரும்பாலோர் 'சி'தான். இளையவர்களுக்கு 'ஒய்' என்றும் இன்னொரு 'பி' என்றும் உண்டு. ஆங்கிலத்தில் அது வேறு எழுத்து (P), தமிழில் எழுதினால்தான் இந்தக் குழப்பம்.

உங்கள் மகள் கடந்த எட்டு வருட வேலையை அனுப்பியிருப்பார். அதில் சிறந்த ஐந்தை அவரே பொறுக்கிக் காட்டியிருப்பார். அதே துறையைச் சேர்ந்த உள்நாட்டு, வெளிநாட்டு ஆட்கள் அவற்றைப் படித்து அறிக்கை எழுதுவார்கள். அதை வைத்துத்தான் குழு முடிவெடுக்கும். இந்த எழுத்து ஆறு வருடம் செல்லும். எனக்குத் தெரிந்து நம் நாட்டில் கட்டுரையைத் திறந்து படிக்கிற மதிப்பீடு இது ஒன்றுதான்.

வெஸ்ட்வில், கோவையிலிருந்து வந்த விரிவுரையாளர்: துறைத் தலைவர் வாயைத் திறந்தால் 'யூனிட், யூனிட்' என்கிறார். அதுவும் இந்த ரேட்டிங்தானா?

இல்லை தம்பி, அது வேறு கணக்கு. ரேட்டிங் ஆளுக்கு, யூனிட் பல்கலைக்கழகத்துக்கு. உயர்கல்வித் துறை ஏற்றுக்கொண்ட பட்டியல்களில் உள்ள ஜர்னலில் ஒரு கட்டுரை வந்தால் ஒரு யூனிட். மாநாட்டுக் கட்டுரைக்கு அரை. புத்தகத்துக்கு, 2015 கொள்கைப்படி, 10 வரை. யூனிட்டுக்கு இவ்வளவு என்று பல்கலைக்கழகத்துக்கு மானியம் வரும், அதுவும் இரண்டு வருடம் கழித்து.

நால்வர் சேர்ந்து எழுதிய கட்டுரை என்று வையுங்கள். இருவர் நம் பல்கலைக்கழகம், ஒருவர் கேப் டவுன், ஒருவர் கோவை. நமக்கு 0.5, கேப் டவுனுக்கு 0.25. கோவைக்காரரின் கால் பங்கு யாருக்கும் இல்லை, காற்றோடு போகும். அப்புறம், உங்கள் பெயருக்குக் கீழே இங்கத்திய முகவரி இருக்க வேண்டும். ஒருவர் ஊரில் தொடங்கிய வேலையை இங்கே முடித்தார். நல்ல ஜர்னல். ஆனால் பழைய கல்லூரியின் பெயரை மட்டும் போட்டுவிட்டார். யூனிட் பூஜ்யம். அச்சான பக்கத்தை என் மேஜைக்கு முன்னால் நீட்டிக்கொண்டு நின்றார், அந்த ஒரு வரியை விரலால் மறைத்தபடி. புரூஃப் வரும்போது முதலில் அந்த வரியைப் பாருங்கள்.

அவரே: அப்படியானால் ஊர் நண்பர்களோடு சேர்ந்து எழுதக் கூடாதா?

தாராளமாக எழுதுங்கள். நஷ்டம் பல்கலைக்கழகத்துக்குத்தான், உங்கள் ரேட்டிங்குக்கு இல்லை.

ஃபீனிக்ஸ், முனைவர் பட்ட மாணவி: பணம் கட்டினால் ஒரே வாரத்தில் பிரசுரம் என்று மெயில் வருகிறது. பட்டியலில் இருக்கிறோம் என்றும் சொல்கிறார்கள்.

அழித்துவிடுங்கள். ஒரு வாரத்தில் யார் படித்துக் கருத்துச் சொல்ல முடியும்? அவர்கள் பேச்சை நம்பாமல் பட்டியலை நீங்களே திறந்து, பெயரோடு ஐ.எஸ்.எஸ்.என். எண்ணையும் (ஒவ்வொரு ஜர்னலுக்கும் உள்ள அடையாள எண்) ஒப்பிடுங்கள். நல்ல ஜர்னலின் பெயரை அப்படியே வைத்துக்கொள்கிற போலிகள் உண்டு. பட்டியலில் இருந்தாலே போதும் என்றும் இல்லை. இப்படிப்பட்ட சந்தேக ஜர்னல்களில் நம் நாட்டவர் எழுதியவை ஆயிரக்கணக்கில் இருப்பதாக மௌட்டன், வாலன்டைன் என்ற ஆய்வாளர்கள் 2017ல் எண்ணிக் காட்டினார்கள். எண்ணிக்கைக்குக் காசு என்றால் எண்ணிக்கை பெருகத்தானே செய்யும்? நீங்கள் அவசரப்பட வேண்டாம். ஆய்வேட்டை முடித்துப் பட்டம் வாங்குங்கள். மானியக் கணக்கில் ஒரு முனைவர் பட்டமே மூன்று யூனிட்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க், ஓய்வு பெற்ற ஆசிரியர்: பிரிட்டனில் படித்துப் பார்த்தே மதிப்பிடுகிறார்கள் என்று லண்டனில் இருக்கும் மகன் சொல்கிறான். நாமும் செய்யலாமே?

உண்மைதான் ஐயா. 1986லிருந்து செய்கிறார்கள். 2021ல் 34 குழுக்கள் உட்கார்ந்து படித்து நட்சத்திரம் போட்டன, அதிகபட்சம் நான்கு. வெளியீடுகளுக்கு 60 சதவீதம், சமூகத்தில் ஏற்பட்ட பயனுக்கு 25, ஆராய்ச்சிச் சூழலுக்கு 15. ஆனால் செலவைக் கேளுங்கள்: 2014ல் நடந்த சுற்றுக்கு மட்டும் 24.6 கோடி பவுண்டு என்று கணக்கிட்டார்கள். நமக்குக் கட்டுப்படியாகாது. வருடா வருடம் எண்ணுவதை எண்ணட்டும், நூற்றுக்கு ஐந்து கட்டுரையையாவது ஆள் வைத்துப் படித்துப் பார்க்கட்டும் என்பது என் கட்சி. அலுவலகத்தில் இதைச் சொன்னபோது டீ ஆறிப்போனதுதான் மிச்சம்.

டொங்காட், தமிழ் வகுப்பு நடத்துபவர்: தமிழில் எழுதிய கட்டுரைக்கு யூனிட் உண்டா?

மொழி தடையில்லை, பட்டியல்தான் தடை. ஆப்ரிக்கான்ஸ் ஜர்னல்கள் பட்டியலில் இருக்கின்றன, அவற்றில் எழுதுகிறவர்களுக்கு யூனிட்டும் வருகிறது. நாமே இங்கே ஒரு தமிழ் ஜர்னல் தொடங்கலாம்தான். ஆனால் துறை வல்லுநர்கள் படித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும், எல்லாம் ஒரே நிறுவனத்தின் சரக்காக இருக்கக் கூடாது, முக்கால் பங்காவது பல நிறுவனங்களிலிருந்து வர வேண்டும். தமிழில் ஆய்வுக்கட்டுரை எழுதக்கூடியவர்கள் இந்த நாட்டில் எத்தனை பேர் என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். இரண்டாவது கைக்குப் போகவில்லை.